மைக் முதலா, கம்பளி முதலா?

கேள்வி: எங்களுடையது தகரக் கூரை வீடு. வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்ய ஆசை. கையிலிருக்கும் பணத்தை விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கில் போடலாமா?
– ஒரு வாசகர், மாரமங்கலம், ஏற்காடு

பதில்: தாராளமாகப் போடலாம், கூரை மேல் விழும் மழையும் அடுத்த வீட்டுச் சேவலும் உங்களோடு சேர்ந்து பாடுவதில் ஆட்சேபணை இல்லையென்றால்! கண்டென்சர் மெல்லிய மூச்சையும் விடாது, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் விடாது. அதற்குப் பதில் டைனமிக் மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளி வைத்துப் பாடினால் குரல் ஓங்கும், அறை அடங்கும். ‘அதில் தரம் வருமா?’ என்பீர்கள். மைக்கேல் ஜாக்சன் ‘த்ரில்லர்’ (1982) ஆல்பத்தில் பாடிய ஷ்யூர் எஸ்எம்7 மைக்கும் டைனமிக் இனம்தான்.

‘ஏ.ஆர்.ரஹ்மான் ஸ்டூடியோ கட்டித்தானே ஜெயித்தார்?’ உண்மை. 1989-இல் சென்னையில் வீட்டோடு ஒட்டி பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார். 1992-இல் அவர் இசையமைத்த ‘ரோஜா’ படம் வந்தது. அன்று பல ட்ராக்கில் பதிய டேப் மெஷினும் பெரிய மிக்ஸரும் வேண்டியிருந்தன. இன்று அந்த வேலையை லேப்டாப்பும், மைக்கை அதோடு இணைக்கும் ஒரு சின்ன இன்டர்ஃபேஸும் பார்த்துக்கொள்கின்றன. ‘இரைச்சலையும் சாஃப்ட்வேரில் நீக்கலாமே?’ நீக்கலாம், குரலில் கொஞ்சத்தையும் சேர்த்து! அதனால் ஏற்காட்டுக் குளிருக்கு வாங்கிய கம்பளிகளைப் பாடுபவரின் முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள். எதிரொலியை அவை உறிஞ்சும், மழையைத் தடுக்காது. மழைக்கு ஒரே மருந்து, விட்ட பிறகு பாடுவது. முதலில் அறை, அடுத்து டைனமிக் மைக், மீதிப் பணத்தில் காதை மூடும் ஹெட்போன். கண்டென்சர் காத்திருக்கட்டும்.