வின்டர்மியர் ஏரியில் குலம் கோத்திரம்: ஒரு முன்னாய்வு

செப்டம்பர் மாதம். வட இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரியில் ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நரம்பு வெடுக்கென்று இழுபடுகிறது, முகம் மலர்கிறது. மீன் மேலே வருகிறது. மலர்ந்த முகம் கூம்புகிறது. “ப்ச், வெறும் பெர்ச்” என்கிறார். இந்த ‘வெறும்’ எங்கிருந்து வந்தது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

முதலில் திணை. சுமார் 17 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 60 மீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள ஏரி இது. கோடையில் நீர் இரண்டு அடுக்காகக் கிடக்கும்: மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர். (வெதுவெதுப்பு என்பது அவ்வூர்க் கணக்கு. நம்மவர் கால் வைத்தால் அலறுவார்.) செப்டம்பரில் மேல்நீர் ஆறத் தொடங்கியதும், வெயிலுக்கு அஞ்சி ஆழத்தில் கிடந்த ட்ரவுட் மீன் மேலே வருகிறது. அந்த நேரம் பார்த்துப் புல்வெளிகளிலிருந்து நெடுங்கால் பூச்சிகளைக் காற்று அள்ளிவந்து நீரில் கொட்டுகிறது. தூண்டில்காரர்கள் இப்பூச்சியைச் செல்லமாக ‘டாடி’ என்பார்கள். இறகாலும் நூலாலும் பொய் டாடி கட்டி, அதற்குள் கொக்கியை ஒளித்து ட்ரவுட்டுக்குப் படைப்பார்கள். பெர்ச்சுக்கு இவ்வளவு உபசாரம் கிடையாது. ஒரு மண்புழு போதும். அதுவும் கிடைக்காவிட்டால் கரையோரம் கூட்டமாகக் குஞ்சுகளைத் துரத்தித் தின்னும். அவை சொந்தக் குஞ்சுகளா என்றெல்லாம் விசாரிக்காது.

இனிக் குலம். சால்மனும் ட்ரவுட்டும் ‘கேம்’ மீன்கள். பெர்ச் முதலிய மற்றவை ‘கோர்ஸ்’, அதாவது முரட்டு வகை. இது ஆங்கிலத் தூண்டில் மரபு. உயர்குலத்துக்கு அங்க அடையாளமும் உண்டு: முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத சின்னஞ்சிறு கொழுப்புத் துடுப்பு. அதனால் பயன் ஏதுமில்லை என்றே நெடுங்காலம் கருதி வந்தார்கள். பயன் தெரியாத ஒன்றை உடம்பில் தரித்திருப்பது உயர்வுக்குச் சான்றாவது உலகில் இது முதல்முறை அல்ல. பெர்ச்சுக்கோ முதுகில் முள்வரிசை, பச்சை உடம்பில் கரும்பட்டைகள், அடியில் குங்குமச் சிவப்புத் துடுப்புகள். அழகுப் போட்டி என்று வந்தால் ட்ரவுட் பாடு திண்டாட்டம்தான்.

அரசாங்கம் என்ன சொல்கிறது? ட்ரவுட்டுக்கும் பெர்ச்சுக்கும் ஒரே தூண்டில் உரிமச்சீட்டு. சால்மனுக்குத்தான் தனிச்சீட்டு, விலையும் கூடுதல். ஆக, கட்டணக் கவுன்டரில் ட்ரவுட்டும் பெர்ச்சும் பங்காளிகள்.

பெர்ச் உண்ணத் தகாதது என்பது பூர்வபட்சம். அது நிற்காது. போர்க்காலத்தில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்ததும், 1941 முதல் இதே ஏரியில் கூண்டு வைத்துப் பெர்ச்சைப் பிடித்து, டின்னில் அடைத்து, ‘பெர்ச்சீன்ஸ்’ என்று பெயர் சூட்டி விற்றார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அங்கே ‘வெறும்’ பறந்தது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரை உணவகங்களிலோ பெர்ச் வறுவல்தான் ராஜபோஜனம். ஏரி மீன் போதாமல் வெளிநாடுகளிலிருந்து வரவழைத்துப் பரிமாறுகிறார்கள். இங்கிலாந்தில் முரடன், ஜெனீவாவில் மாப்பிள்ளை.

சாதிச் சான்றிதழில் குளறுபடி நடப்பதற்கு நம் தரங்கம்பாடியே சாட்சி. பனை மரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததை 1791-இல் அங்கே கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதி, அதைப் பெர்ச் குலத்தில் சேர்த்துவிட்டார். ஆங்கிலத்தில் அது இன்றும் ‘ஏறும் பெர்ச்’தான். நாம் அதைப் பனையேறிக் கெண்டை என்கிறோம். அது பெர்ச்சும் அல்ல, கெண்டையும் அல்ல. அதைப் பற்றி அது கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

வின்டர்மியருக்குத் திரும்புவோம். 1976-இல் வந்த ஒரு நோய், ஏரியின் வளர்ந்த பெர்ச்சுகளில் சுமார் 98 விழுக்காட்டைக் கொன்றது. ‘வெறும்’ என்று சொல்லக்கூட ஆள், அதாவது மீன், அரிதாயிற்று. அப்போதாவது அதன் மதிப்பு உயர்ந்ததா என்று படகுத்துறையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “புழு மிச்சமானது” என்றார்.

கடைசிச் சான்று நாட்காட்டி. முட்டையிடும் காலம் நெருங்குவதால் அப்பகுதியில் செப்டம்பர் 30-உடன் ட்ரவுட் பிடிக்கும் பருவம் முடிகிறது. அக்டோபர் 1 காலையில் அதே பெரியவர், அதே படகு, அதே இடம். கொக்கியில் மட்டும் புழு. பெர்ச்சுக்காகக் காத்திருக்கிறார். நரம்பு வெடுக்கென்று இழுபடுகிறது, முகம் மலர்கிறது. மீன் மேலே வருகிறது. கொழுப்புத் துடுப்பும் புள்ளிகளுமாக, கொழுத்த ட்ரவுட். வீட்டுக்குக் கொண்டுபோனால் குற்றம். கொக்கியைப் பதமாகக் கழற்றி நீரில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ப்ச்,” என்றார், “வெறும் ட்ரவுட்.”