இடமுரை இயல்: ஆக்சுவேட்டர் தண்டு தன் நிலையுரைக்கும் இலக்கணம்

மோட்டாரின் சுழற்சியைத் திருகுத்தண்டால் நேர்கோட்டு நகர்ச்சியாக்கும் கருவியே மின் ஆக்சுவேட்டர். மருத்துவமனைக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்குவதும் சோலார் பேனலைச் சூரியன் பக்கம் சாய்ப்பதும் அதுவே. தண்டு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்கு உரைக்கும் சிக்னல்களை அனலாக், டிஜிட்டல் என இருவகைப்படுத்துவர் கேட்டலாக் ஆசிரியர். அது விலைப்பட்டியலுக்கு ஆகும், இலக்கணத்துக்கு ஆகாது. மறவாதன, மறப்பன என இரண்டே திணை என்க.

மறவாத்திணையில் மூத்தது பொட்டென்ஷியோமீட்டர். கரன்ட் போய் வந்தாலும் கேட்டவுடன் இடம் சொல்லும். அடிக்கடி உரசும் பகுதி தேய்ந்தால் அங்கே மட்டும் உளறும். அதன் சொல்லை 0–10 வோல்ட்டாக அனுப்பினால், 0 என்பதற்குத் தண்டு முழுக்க உள்ளே என்றும் பொருள், ஒயர் அறுந்தது என்றும் பொருள். சிலேடை செய்யுளுக்கு அணி, தொழிற்சாலைக்கு வழு. 4–20 மில்லியாம்பியர் இவ்வழுவைக் களையும். 4-இல் தொடங்குவதால் 0 வந்தால் அறுந்தது ஒயரே.

இத்திணையின் டிஜிட்டல் உறுப்பு, ஒவ்வோர் இடத்தையும் ஓர் இரும எண்ணாக உரைக்கும் அப்சல்யூட் என்கோடர். 7 என்பது 0111; 8 என்பது 1000. நான்கு இலக்கமும் ஒரே நொடியில் மாறுமா? முதல் இலக்கம் முந்திக்கொண்டால் கணநேரம் 1111, அதாவது 15, தோன்றும். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1953-இல் காப்புரிமை பெற்ற குறியீட்டில் 7 என்பது 0100. 8 என்பது 1100. மாறுவது ஓர் இலக்கம்தான். பிசகினாலும் பக்கத்து எண்ணோடு போகும்.

மறப்பனவற்றுள் தலையாயது ஹால் சென்சார். 1879-இல் எட்வின் ஹால் கண்ட விளைவால், மோட்டார் அச்சில் காந்தம் கடக்கும்தோறும் ஒரு பல்ஸ். ஒற்றை ஹால் எண்ணும், திசை அறியாது. பல்ஸ் சுழற்சியில் கால் பங்கு விலகிய இரட்டை ஹாலோ 00, 01, 11, 10 என்றால் முன்னே, 00, 10, 11, 01 என்றால் பின்னே என்னும். (கிரேயின் குறியீடே இங்கும் ஒளிந்திருப்பது நோக்குக.) கரன்ட் போனால் கணக்கும் போம், தண்டை முழுக்க உள்ளிழுத்து மீண்டும் 0-இலிருந்து எண்ண வேண்டும். அந்நேரம் கட்டிலில் ஆள் படுத்திருந்தால் அவர் பாடு. பேட்டரி வைத்துக் கணக்கைக் காப்பாரும் உளர், நினைவூட்டப்பட்டதும் மறப்பனவே.

காந்தம் நெருங்கினால் தொட்டு மூடும் ரீட் சுவிட்ச் இத்திணையின் கடை. ஒருமுறை தொட்டதைத் துள்ளிப் பலமுறை என்னும்.

கேன் பஸ், மோட்பஸ் ஆகிய தகவல்தொடர்பு நெறிகளைத் தனித்திணை என்பாரை மறுக்க. அவை சொல்லும் வாய். அறியும் கண் அல்ல. மறதிக்கார ஹாலைக் கேனில் கோத்தால், மறந்த கணக்கே பிழையின்றி வந்து சேரும்.

புறனடை: மோட்டார்ப் பக்கம் இருக்கும் சென்சார் உரைப்பது அச்சின் சுழற்சியையே, தண்டின் இடத்தை அன்று. நட்டின் மரை தேய்ந்து தண்டு நின்றபடி நிற்க, எண்ணிக்கை ஏறும். தண்டிலேயே நேராக அளந்தால் வழு நீங்கும்; அதன் விலை கேட்டோர் மோட்டார்ப் பக்கத்து வழுவை வழுவமைதி என்றே கொள்ப.