உட்கார்ந்த வேலை

குழித்தறி நெய்கிறவனைப் பார்த்து, "உட்கார்ந்த வேலைதானே" என்று சொல்பவர்களை நான் ஒன்றும் செய்வதில்லை. எழுந்துபோய்ச் செய்ய இடுப்பு விடாது.

எங்கள் ஆரணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலைக் குழிக்குள் விட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்ட, மறு கை பலகையை இழுத்து அடிக்க வேண்டும். முதுகு மட்டும் சும்மா குனிந்திருக்கும். அந்தச் சும்மாதான் ஆளைக் கொல்கிறது. குனிந்த தலை, தோள், கை எல்லாம் முன்னால் சாயாமல் முதுகுத் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இறுகியே கிடக்கிற தசைக்கு ரத்தம் சரியாகப் போகாதாம்.

தெருவில் ஒருவர் புத்தூர் கட்டு போடச் சொன்னார். உடையாத எலும்புக்கு எதற்கய்யா கட்டு? பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம் போனேன். பிறந்த குழந்தைக்கு எலும்பு முந்நூறுக்குப் பக்கமாம், வளர வளர ஒன்றோடொன்று ஒட்டி 206 ஆகிவிடுமாம். என்னுடையவை அதற்கு மேலும் ஒட்டிக்கொண்டு வருவதாக எனக்குச் சந்தேகம்.

"தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும் ஐயா, தள்ளத் தெரியாது" என்றது அந்தப் பெண். மேற்கையின் முன்பக்கத் தசை சுருங்கினால் கை மடங்கும். நீட்ட, பின்பக்கத் தசை இழுக்க வேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கும். அட, ஒரு மிதி இறங்கினால் மறு மிதி ஏறும் நம்ம தறிதானே இது! வீட்டுக்கு வந்து மனைவியிடம் கையை மடக்கி நீட்டி விளக்கினேன்.

"இந்த வீட்டுல விட்டுக்கொடுக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும். அந்த அரிசி சிப்பத்தை உள்ள வைங்க."

பட்டுக்கு அடுத்து ஆரணிக்குப் பேர் வாங்கித் தந்தது அரிசி. எனக்குப் பேர் கெட்டதும் அதனால்தான். இருபத்தைந்து கிலோதானே என்று, முழங்காலை மடக்காமல் கையை நீட்டித் தூக்கினேன். பாரம் உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, இடுப்பு அவ்வளவு அதிகம் சுமக்க வேண்டும். குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். அவள் வந்தாள். குந்தினாள், சிப்பத்தை மாரோடு அணைத்தாள், எழுந்து போனாள். எந்தப் பெண்ணிடமும் ஃபீஸ் கட்டிப் படித்தவளில்லை.

மறுபடி பிசியோதெரபிக்குப் போனேன். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாதாம். அசைந்தால்தான் மூட்டுத் திரவம் ஊறி அதற்குச் சத்துப் போகும். ஆகவே அடிக்கடி தறியை விட்டு எழுந்து நடக்க வேண்டும் என்பது உத்தரவு. எழுந்தால் முழங்கால் 'படக்' என்கிறது. வலியில்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கென்ன, சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கிறது.

"எழுந்ததுதான் எழுந்தீங்க, அந்தப் பாலை இறக்கிடுங்க!"