ஆதொண்டங்காயும் துருப்பிடிக்கும் தொண்டை நாட்டாரும்: ஓர் ஆய்வு

தொண்டை நாட்டுக்குப் பெயர் கொடுத்த கொடி கோவை என்பார் ஒரு கட்சி; ஆதொண்டை என்பார் மறு கட்சி. இக்கட்டுரையாளர் ஆதொண்டைக் கட்சி. இதற்குத் தாவரவியல் காரணம் எதுவும் இல்லை. வீட்டில் ஆதொண்டங்காய் வற்றல் ஒரு டப்பா இருக்கிறது.

முதலில் வரலாற்றுச் சான்று. குறும்பரோடு போருக்குப் போன தொண்டை நாட்டு அரசன் தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றதாகவும், அவன் கொடியை வெட்டியபோது வாள் உள்ளிருந்த லிங்கத்தின்மீது பட்டதாகவும் திருமுல்லைவாயில் தலபுராணம் சொல்கிறது. அக்கோயில் மாசிலாமணீசுவரருக்கு ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு அதனால்தான். பக்தியில் குறையில்லை, ஐயம் முல்லையின் மேல்தான். முள்ளே இல்லாத முல்லை, போர் யானையை நிறுத்துமா? ஆதொண்டையிலோ இலைக்கு இலை இரண்டு முள், இரண்டும் பின்னோக்கி வளைந்தவை. மாலை ஆறு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் சாலைக்குள் நுழைந்த கார் மாதிரி, உள்ளே போகலாம், திரும்ப முடியாது. அரசன் பெயர்கொண்ட கொடியே அரசனின் யானையை மறித்தது என்று எழுதக் கூசி, புராணிகர் பழியை முல்லையின்மேல் போட்டிருக்கலாம். கோயில் நிர்வாகம் இக்கருதுகோளை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்து மருத்துவம். ஆதொண்டையின் மத்தியதரைக்கடல் பங்காளிக்குக் கேப்பர் என்று பெயர். அதன் மொட்டை உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்து பீட்சாமேல் தூவுகிறார்கள். ஊறும்போது அதிலுள்ள ரூட்டின் என்ற பொருள் சிதைந்து குவர்செட்டின் ஆகிறது. 100 கிராம் மொட்டில் குவர்செட்டின் 200 மில்லிகிராமைத் தாண்டும். வேறெந்தக் காய்கறியும் இதற்குச் சுலபமாக ஈடாகாது. 1955 முதல் விற்பனையாகும் லிவ் 52 மாத்திரையில் ‘ஹிம்ஸ்ரா’ என்று இருப்பதும் இதே கேப்பர்தான்.

குவர்செட்டின் ஓர் ஆன்டி-ஆக்சிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது. இரும்பு துருப்பிடிப்பது ஆக்சிஜனேற்றம். இதே தொண்டை நாட்டில், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. இத்தனை இரும்பு வரப்போகும் மண்ணில் துருவுக்கு எதிரான கொடியை இயற்கை முன்கூட்டியே நட்டுவைத்தது என்று வாதிடலாம். வாதிடுவோர் உண்டு, அவர்கள் பெரும்பாலும் கேப்ஸ்யூல் விற்பவர்கள்.

மறுப்புகளும் வலுவானவை. உணவுகளின் ஆன்டி-ஆக்சிடன்ட் திறனை எண்ணால் வரிசைப்படுத்திய பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் கிடைத்த எண் மனித உடம்புக்குள் என்ன செய்யும் என்று சொல்ல முடியவில்லை. விளம்பரக்காரர்களோ அதை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது மறுப்பு புழுக்களுடையது. ஆதொண்டை இலையைத் தின்றே வளரும் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் உண்டு. பிறந்ததிலிருந்து இதே பத்தியம். ஆனாலும் இறக்கை முளைத்த சில வாரங்களில் செத்துப்போகின்றன. ஆன்டி-ஆக்சிடன்ட் ஆயுளை நீட்டும் என்ற கொள்கைக்கு இது பெரும் பின்னடைவு.

இனி வற்றல். காயை நறுக்கி, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் மொட்டைமாடியில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க வற்றும்வரை இதே வேலை. பிறகு காய்ந்த நல்லெண்ணெய். வற்றல் பொரிந்து கருஞ்சிவப்பாகும்போது ஒரு காரமான வாடை எழும். ஆதொண்டை தாவரக் குடும்ப வழியில் கடுகுக்கு உறவு என்பதை அப்போது மூக்கே ஒப்புக்கொள்ளும். அரை நிமிடம் தாமதித்தால் கரி. இத்தனை வெயிலுக்கும் எண்ணெய்க்கும் தப்பி எவ்வளவு ஆன்டி-ஆக்சிடன்ட் சாப்பாட்டு இலைக்கு வருகிறது என்று கேட்பவர்கள், வற்றக்குழம்பு சாப்பிடத் தகுதியற்றவர்கள்.

ஆய்வின் முடிவு: கசப்பு உறுதி, உப்பு அதைவிட உறுதி, மற்றவை நிரூபணமாகவில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளவும். மாத்திரையை நிறுத்த வேண்டாம்.