487 எடுத்த வீடு

சேரப்பணஞ்சேரியில் முன்பின் தெரியாத வெள்ளைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றால், இறங்குகிறவர் நிலம் கேட்டு வந்த புரோக்கர் என்று பொருள். ஒரகடத்தில் ஆலைகள் எழும்பத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களில் இதுதான் வழக்கம். அதனால் மே மாதத்தில் ஒரு காலை, டை கட்டிய ஒருவர் ஸ்வீட் பாக்ஸோடு இறங்கியதும், திண்ணையில் இருந்த என் அம்மா எழுந்திருக்காமலே சொல்லிவிட்டார்: "வித்தாச்சுப்பா. எப்பவோ வித்தாச்சு. இருக்கிறது இந்த வூடு மட்டும்தான்."

"பாட்டி, நான் நிலத்துக்கு வரல. உங்க பேத்தியைப் பார்க்க வந்தேன்."

இது நிலைமையை மோசமாக்கியது. பேத்திக்கு வயது பதினைந்து. அம்மா துடைப்பம் எங்கே என்று கேட்டது உள்ளே சமையற்கட்டு வரை கேட்டது.

வந்தவர் ஒரு தனியார் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளியின் பி.ஆர்.ஓ. என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்து, பத்தாம் வகுப்பில் 500-க்கு 487 எடுத்திருந்தாள். ரிசல்ட் என் போனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸாக வந்தது. அவருக்கு எதில் வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. என் மச்சானுக்கே நான் மறுநாள்தான் சொன்னேன்.

"சாருக்கு ஒரு நற்செய்தி. 480-க்கு மேல எடுத்த அரசுப் பள்ளி மாணவிகளுக்கு எங்க கிட்ட ஃபீஸே கிடையாது."

"ஹாஸ்டல்?"

"அது மட்டும் தனி சார்."

"புத்தகம்?"

"ஸ்டடி மெட்டீரியல்னு ஒண்ணு வரும். அது தனி."

"நீட் கோச்சிங்னு போர்டுல போட்டிருக்கே?"

"அது இன்டகிரேட்டட் சார். பாடத்தோட சேர்ந்தே நடக்கும். பில் மட்டும் தனி."

எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்த பிறகு அந்த இலவசத்தில் மிச்சம் என்ன இருந்தது என்று நானும் மனைவியும் ராத்திரி கணக்குப் போட்டோம். மணி அடிப்பதும் பிரேயரும் இருந்தன.

நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். பிளஸ் ஒன் வாசலையே மிதித்தவனில்லை. எனவே இந்த உலகம் எனக்குப் புதிது. பி.ஆர்.ஓ. பொறுமையாகப் பாடம் நடத்தினார். 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் அரசாங்கம் பொதுத்தேர்வு வைத்தது. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் அட்டையைக்கூடத் திறக்காமல், இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே அரைத்துக்கொண்டிருந்தன என்பதுதான் காரணம். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறைய வேண்டும் என்பது நோக்கம். பி.ஆர்.ஓ.வின் மன அழுத்தம் குறைந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "இனிமே லெவன்த் தொந்தரவே இல்ல சார். ஜூன்லயே நேரா டுவெல்த்துக்குப் போயிடலாம்" என்றார். நீட்டில் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வருமே என்று மகள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "அதுக்குத்தாம்மா கோச்சிங்" என்றார். தனி பில் எதற்கென்று அப்போதுதான் விளங்கிற்று.

இதற்கிடையில் ஹெட்மாஸ்டரிடமிருந்து போன். மாவட்ட அரசு மாதிரிப் பள்ளிக்கு மகள் பெயர் தேர்வாகியிருக்கிறதாம். தங்கிப் படிக்கலாம், சாப்பாடு உட்பட எல்லாம் அரசுச் செலவு. 2022 செப்டம்பர் 5-ல் இந்தப் பள்ளிகளில் பதினைந்தை, டெல்லியிலிருந்து கேஜ்ரிவாலை அழைத்து வந்து திறந்தார்கள். பிறகு எல்லா மாவட்டத்துக்கும் வந்துவிட்டன. ஹெட்மாஸ்டர் குரலில் பாதி பெருமை, பாதி வயிற்றெரிச்சல். "நல்லாப் படிக்கிறதையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டுப் போயிடறாங்க. அப்புறம் கீழ இருக்கிற ஸ்கூல்காரன் ரிசல்ட் குடுக்கலன்னு திட்டறாங்க" என்றார். உடனே, "ஆனா நீங்க அனுப்புங்க, அருமையான சான்ஸ்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆக, ஒரு மார்க் ஷீட்டுக்கு இரண்டு பள்ளிகள் போட்டி. எங்கள் வம்சத்தில் எதையாவது தேர்ந்தெடுக்கும்படி யாரும் எங்களைக் கேட்டதில்லை. எனவே சொந்தக்காரர்கள் எல்லோரும் உதவிக்கு வந்துவிட்டார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்க்கும் மச்சான் தனியார் பக்கம். அவர் ஆதாரம் ஃப்ளெக்ஸ் போர்டு. "ஒரகடம் கூட்ரோட்ல எவ்ளோ பெரிய போர்டு வெச்சிருக்கான் பார்த்தீங்களா மாமா, மாநில முதலிடம்." மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று ரேங்க் பட்டியல் போடுவதை அரசாங்கம் 2017-லேயே நிறுத்திவிட்டது. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்களுக்கு அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரவில்லை.

சித்தப்பா ஹாஸ்டலே கூடாது என்றார். பெண்பிள்ளையை வெளியூரில் தங்க வைப்பதா என்று கொதித்தார். அவர் வீட்டு மாடியில் ஐந்து ரூம், ஐந்திலும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லோரும் செல்போன் கம்பெனி ஷிஃப்ட். கொஞ்ச தூரத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியை 2024-ல் திறந்து வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேர் எங்கள் பக்கம் வந்து தங்கி வேலை பார்க்கலாம், எங்கள் பெண் மட்டும் எங்கேயும் தங்கிப் படிக்கக்கூடாது. இதை நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. இந்த மாதம் அவரிடம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது.

நான் பார்ப்பது ஆட்டோ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன். வெண்டர் அனுப்பும் பெட்டிகளைப் பிரித்து, வெர்னியரில் அளந்து, சரியாக இருப்பதை லைனுக்கு அனுப்புவேன். மற்றது சிவப்பு டப்பாவுக்கு. இத்தனை வருஷத்தில் நல்ல பீஸைப் பொறுக்கி உள்ளே விட்டதற்காக, அந்தப் பீஸை நானே கடைந்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் சூப்பர்வைசர் சிரிப்பார். ஆனால் 480-க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் டெஸ்ட் வைத்துச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்து "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று போர்டு வைத்தால் யாரும் சிரிப்பதில்லை, ஃபீஸ் கட்டுகிறார்கள். என் பெண்ணை 487 வரைக்கும் கொண்டுவந்தது, பாதி நாள் ஃபேன் ஓடாத ஒரு வகுப்பறையும் அங்கே நின்ற டீச்சர்களும். அவர்கள் படத்தை எந்தக் கூட்ரோட்டிலும் நான் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை வந்தபோது பி.ஆர்.ஓ.விடம் கேட்டேன்: "சார், 350 எடுத்த பையனைச் சேர்த்து மேல கொண்டாந்திருக்கீங்களா? ஒருத்தனைக் காட்டுங்க." அவர் என்னைப் பார்த்த பார்வையில், சிவப்பு டப்பாவிலிருந்து ஒரு பீஸை எடுத்து நான் அவர் மேஜையில் வைத்துவிட்டது தெரிந்தது. "அந்த மாதிரி நாங்க எடுக்கிறதில்ல சார்" என்றார் கௌரவமாக. மாதிரிப் பள்ளியும் பொறுக்கித்தான் எடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் வாசலுக்கு வந்து ஸ்வீட் கொடுக்கவில்லை, பில்லும் கொடுக்கவில்லை.

விஷயத்தை உண்மையில் திருப்பியது மகளின் தமிழ் டீச்சர். மார்க்கெட்டில் என் மனைவியைப் பார்த்து, கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னாராம். 2020-ல் வந்த சட்டப்படி, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டிலும் தேறியவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று அதை நீட்டினார்கள். பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஃபீஸையும் அரசே கட்டிவிடும். அது போக, புதுமைப் பெண் திட்டத்தில் காலேஜ் போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால் இரண்டும் போச்சு. ஐந்து வருஷம் வரிசையில் நின்றுவிட்டு, கவுண்டர் கண்ணுக்குத் தெரிகிறபோது விலகிப் போகிற வேலை.

இதை பி.ஆர்.ஓ.விடம் மனைவிதான் கேட்டாள். "அதெல்லாம் கம்மி சீட் மேடம். நம்ம பாப்பா ஜெனரல்லயே அடிச்சிடும்" என்றார். நம்ம பாப்பா அதுவரை அவரிடம் பேசியதே ஒரு வாக்கியம்தான். இப்போது இரண்டாவது வாக்கியம் பேசினாள்: "சார், ஹாஸ்டல்ல ஒரு பாத்ரூமுக்கு எத்தனை பேர்?"

பி.ஆர்.ஓ. ஆல்பத்தைத் திறந்தார். ஏ.சி. ஸ்மார்ட் கிளாஸ் இருந்தது. லேப் இருந்தது. நீச்சல்குளம் இருந்தது, தண்ணீர் இல்லாமல். பாத்ரூம் இல்லை. "நோட் பண்ணிக்கிறேன்மா" என்று டைரியில் எழுதிக்கொண்டார். மாதிரிப் பள்ளிக்கும் போன் போட்டு அதையே கேட்டாள். எடுத்த வார்டன் அம்மா எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, "காலையில அஞ்சரைக்கு எழுந்தா க்யூ இருக்காது, ஆறு மணிக்கு எழுந்தா அழுவ" என்றாராம். எங்கள் வீட்டில் அந்த வார்டனுக்கு உடனடியாக மரியாதை ஏறிவிட்டது. என் அம்மா, "உண்மை பேசறவ கிட்ட வுடலாம்டா" என்று தீர்ப்பு சொன்னார். மச்சானும் ஒத்துக்கொண்டார், போர்டு பெரியதாக இல்லையே என்ற ஆதங்கத்தோடு.

ஜூனில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பக்கெட், பக்கெட்டுக்கு ஒரு பூட்டு ஆகியவற்றோடு மகளைச் சேர்த்துவிட்டு வந்தோம். பக்கெட்டுக்குப் பூட்டு எப்படிப் போடுவது என்று கேட்காதீர்கள். அது அம்மாவின் ஏற்பாடு. கூட்ரோட்டில் தனியார் பள்ளி வைத்த வாழ்த்துப் போர்டில், சேராத என் மகளின் படம் ஆடி மாதம் வரை தொங்கியது. ஆதார் அட்டைப் படத்தைப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் அவளுக்குக் கோபம்.

ஆவணியில் பி.ஆர்.ஓ. மறுபடி கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை, தொழில்காரர். "பரவால்ல சார், பாப்பா எங்க படிச்சாலும் நல்லா வரும். தம்பி ஒருத்தன் இருக்கான்ல? எந்த கிளாஸ்?"

"ஒன்பதாவது சார்."

"சூப்பர் சார். இப்பவே ஃபவுண்டேஷன் கோர்ஸ்ல போட்டுடலாம். கால்பரீட்சையில எவ்ளோ எடுத்திருக்கான்?"

"அது இன்னும் வரல. போன வருஷ முழுப்பரீட்சையில 211."

"ஹலோ... சார்? ஹலோ... ஒரகடம் பக்கம் சிக்னலே கிடைக்கறதில்ல சார்" என்றார். பேசியதென்னவோ எங்கள் தெருமுனை டீக்கடையிலிருந்துதான். நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.