வேட்டியை இறக்கிவிட அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு விதைக்கடைக்காரன், சின்னசேலம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்: எங்கள் தெருமுனை வேகத்தடையைப் போட்ட மாண்புமிகு அலுவலகம். (எதுவென்று தெரிந்த பிறகு பெயர் நிரப்பிக்கொள்ளப்படும்.)

பொருள்: சிறிய கார் ஒன்றை 35 மில்லிமீட்டர் தாழ்த்துதல் – ஸ்பிரிங் தேர்வு செய்யும் பொருட்டு, தங்கள் மேட்டின் உயரத்தைத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நேற்று மாலை என் காரின் அடிவயிற்றில் கேட்ட ‘டடக்’.

ஐயா / அம்மையீர்,

பெறுநர் பெயர் காலியாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கேட்காமல் இல்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டேன், “அது எங்க ரோடு இல்லீங்க” என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், “ரோடு எங்களுது, மேடு எங்களுது இல்ல” என்றார்கள். மூன்றாவது அலுவலகத்தில் எழுந்து நின்று அன்பாகத் தண்ணீர் கொடுத்துவிட்டு, முதல் அலுவலகத்துக்கு வழி சொன்னார்கள். பிறகு 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போட்டேன். தனக்குச் சம்பந்தமில்லாத மனுவை ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு. என் மனுவும் மாறி மாறிப் போய், மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புறப்பட்ட மேசைக்கே வந்து சேர்ந்தது. வாகனம் ஏதும் இல்லாமல் அது இவ்வளவு தூரம் போய்வந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் 2018ஆம் வருடத்து ஸ்விஃப்ட் ஒன்று இருக்கிறது, செகண்ட் ஹாண்ட். நல்ல வண்டி. ஒரே குறை, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. மழைத்தண்ணீரில் இறங்கும் முன் வேட்டியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டியவர் போலவே எப்போதும் நிற்கிறது. பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது நம் ஊர் மரியாதை. தங்களைப் போன்ற பெரிய அலுவலகங்கள் சாலை நெடுகப் பள்ளிகொண்டிருக்கும்போது, என் கார் மட்டும் மரியாதை தெரியாமல் மடித்துக் கட்டிக்கொண்டு போவது எனக்கே கூச்சமாக இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றி ஒரு 35 மில்லிமீட்டர் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

என் மனைவிக்கு இந்த விளக்கம் ஏறவில்லை. “முட்டி வலிக்குதுன்னு மாடிப்படி ஏற மாட்டேங்கறீங்க. தரையோட தரையா உக்கார்ற காரு உங்களுக்கு எதுக்கு?” என்றார். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது வளைவில் வண்டி சாயாது, கனத்தின் மையம் கீழே இறங்கிவிடும் என்று கல்வராயன் மலையையே சாட்சிக்கு இழுத்தேன். வெள்ளிமலைக்கு வருடத்துக்கு எத்தனை முறை போகிறோம் என்று கேட்டார். அந்தக் கேள்வியை உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டேன்.

ஸ்பிரிங் தேடப் போன இடத்தில் முதலில் கிடைத்தது ஹேக்சா பிளேடு. “எதுக்குண்ணே ஸ்பிரிங் வாங்கற? ஒரு சுத்து, ஒன்றரைச் சுத்து வெட்டி விட்டா வண்டி தானா உக்காந்துக்கும்” என்றார் மெக்கானிக் தம்பி. வெட்டினால் குட்டையாகும், சரி. கூடவே இறுகியும் போகும். சுருளில் வேலை செய்யும் சுற்று குறையக் குறைய விறைப்பு கூடிக்கொண்டே போகும் என்பது கணக்கு. போகட்டும், விறைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராதே, அதுதான் பயம். பள்ளத்தில் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது சுருள் தன் இடத்தை விட்டு நகர்ந்து, திரும்ப வரும்போது வேறெங்காவது உட்காரும். கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் இரும்பின் பதமும் போய்விடும். ஒரு சுற்றை அறுத்தால் கெட்டுப்போகும் என்று சுருளுக்கே ஒரு விதி இருக்கிறது. தெருமுனையில் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஏனோ இல்லை.

அதற்கு அடுத்தது, இதற்கென்றே செய்து வரும் தாழ்ந்த ஸ்பிரிங். ஜெர்மனியின் ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற கம்பெனிகள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி விற்கின்றன. பல சுருள்கள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சுற்றியிருக்கும். லேசான குலுக்கலுக்கு இளக்கம், அமுங்க அமுங்க விறைப்பு. நம் மாமனார்கள் எல்லாரும் இந்த வகைதான். ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் சுருளும் ஷாக்கும் சேர்ந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். தாழ்த்தினால் சக்கரத்தின் தலை கொஞ்சம் உள்ளே சாயும், அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும். பின்பக்கம் குறுக்கே ஒரே டார்ஷன் பீம், அங்கே அந்தச் சாய்வுத் தொல்லை இல்லை. ஷாக் அப்சார்பருக்கு அமுங்க மிச்சமிருக்கும் இடம் குறைவதால், பெரிய குலுக்கலில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். ஆகவே 35க்கு மேல் ஆசைப்படக் கூடாது. இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

திருகித் திருகி உயரத்தை மாற்றிக்கொள்ளும் காயில்ஓவர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் உயரம் வைத்திருக்கும் தங்கள் சாலைக்கு அதுதான் பொருத்தம். மேட்டுக்கு மேடு இறங்கி, ஸ்பேனர் போட்டு, ஏற்றி, கடந்து, மறுபடி இறக்கிக்கொண்டு போனால் மலையடிவாரம் போய்ச் சேர்வதற்குள் பொங்கல் வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நான் மாற்றப்போவது நான்கு ஸ்பிரிங். அது ஒரு மாற்றமா, நான்கு மாற்றமா? 5,000மா, 20,000மா? வீட்டில் சொல்லிவைக்க வேண்டும்.

கோபம் ஏதும் இல்லை. வண்டி ஒரு விதிப்படி இருக்க வேண்டும் என்பது நியாயம். அதே நியாயத்தில் மேட்டுக்கும் ஒரு விதி இருக்குமே என்று தேடினேன். இருக்கிறது! இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு, 1934இல் தொடங்கியது. (தேர்தலில் நிற்காத காங்கிரஸ். அதனால்தான் அதன் பேச்சை யாரும் கேட்பதில்லை போல.) அதன் 99ஆம் எண் நெறிமுறை 1988இல் வந்தது, 2018இல் திருத்தி எழுதப்பட்டது. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய வேகத்தடை 1988 நெறிமுறைப்படி எப்படி இருக்க வேண்டும்? 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு வில்லை வெட்டி வைத்தது போல, சாலையின் போக்கில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். கறுப்பு வெள்ளைப் பட்டை, முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை.

மூடிய கடை வாசலில் உட்கார்ந்து, விதைப் பாக்கெட்டின் பின்புறம் ஒரு கணக்குப் போட்டேன். ஸ்விஃப்ட்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,450 மில்லிமீட்டர். இந்த நீளத்துக்கு 17 மீட்டர் வட்டம் நடுவில் எவ்வளவு புடைக்கும்? 44 மில்லிமீட்டர். காரின் அடிவயிறு தரையிலிருந்து கம்பெனிக் கணக்கில் 163. அதில் 35 இறக்கினால் 128. மேடு 44 கேட்டாலும் மிச்சம் 84. ஐந்து பேர் ஏறி, மாமியார் கொடுத்த அரிசி மூட்டையையும் வைத்து வண்டி இன்னும் 50 அமுங்கட்டும். அப்போதும் 34 மில்லிமீட்டர் காற்றோட்டம்.

மறுநாள் காலை, பால்காரர் வரும் முன்னே, டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் மேட்டை அளந்தேன். உயரம் 19 சென்டிமீட்டர். அகலம் 45. அது வேகத்தடை இல்லை, கரும்புக் கொல்லை வரப்பு. முன்சக்கரம் ஏறி இறங்கிய பிறகு, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 190 மில்லிமீட்டரும் முழுசாக நிமிர்ந்து நிற்கிறது. தொழிற்சாலையில் பிறந்தபடியே, ஒரு போல்ட் கூட மாற்றாமல், ஆர்.சி. புக்கோடு வரும் 163 அதன் மேல் எப்படிப் போகும்?

ஆக நிலவரம் இது. விதிப்படி போட்ட மேட்டில் விதியை மீறிய காரும் போகும். விதியை மீறிய மேட்டில் விதிப்படி உள்ள காரும் போகாது. அபராதம் மட்டும் காருக்கு.

அறுவடை சமயத்தில் இன்னும் விசேஷம். சாலையில் மக்காச்சோளம் காயப் போடுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைக்குப் பதில் ஒரே மஞ்சள். அதற்கு அடியில் மேடு இருக்கிறதா இல்லையா என்பதைக் காரின் வயிறு சொன்னால்தான் தெரியும். இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது, விதை விற்றவனே நான்தான்.

தாழ்த்துவது குற்றம் என்றால் இன்னொன்றையும் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்கு முந்தைய வருடங்களில் எங்கள் தெருவில் தார் மேல் தாராகப் போட்டதில், என் வீடு எந்த ஸ்பிரிங்கும் மாற்றாமலேயே ஓரடி இறங்கிவிட்டது. முன்பு இரண்டு படி ஏறி உள்ளே போவோம், இப்போது ஒரு படி இறங்குகிறோம். வீட்டுக்கும் 182ஏ பொருந்துமா என்று தெரிவிக்கவும்.

தங்கள் சாலை ஒரு நாள் மட்டும் சமமாகிவிடும் அதிசயத்தையும் பார்த்திருக்கிறேன். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் முந்தின இரவே மேடுகள் மாயமாகும். அவர் போன பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். மாதம் ஒருவரை அழைத்துவிடலாமே என்று கடைத்தெருவில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். 2024இல் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தபோது, முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகளே சொன்னார்கள். அன்றோடு அந்தச் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். மேலே உடம்பு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கி வரும் ஊர்கள் உண்டு. அங்கே வேகத்தடை இல்லை. சாலை இருந்தால்தானே.

அந்த மேடு ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மேல் பைக் மோதிக் கால் முறிந்தது. அன்றைக்கு மறியலில் நானும் கடையைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன். “ஸ்பீட் பிரேக்கர் போடு” என்று கத்தியதில் என் குரலும் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லியும் தாரும் வந்தன. காலையில் மேடு இருந்தது, கையெழுத்து இல்லாமல். பிள்ளைகள் இப்போது பயமில்லாமல் சாலையைக் கடக்கிறார்கள். ஆனால் பிரசவத்துக்குப் போகும் ஆம்புலன்ஸும் அந்த வரப்பில்தான் ஏறி இறங்குகிறது. ஆகவே, மேட்டை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எடுத்தால் மறுபடி மறியலுக்கு வருவேன். 45 சென்டிமீட்டரை 3.7 மீட்டராக்குங்கள், 19ஐப் பத்தாக்குங்கள், ஒரு டப்பா பெயின்ட் அடியுங்கள் என்றுதான் கேட்கிறேன். பெயின்ட்டை வேண்டுமானால் நான் வாங்கித் தருகிறேன். பிரஷ் பிடிக்கும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கு என்பதை மட்டும் தாங்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளவும்.

1676இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர், ஸ்பிரிங் பற்றித் தான் கண்ட விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்டு விடுகதையாக அச்சிட்டார். இழுக்கிற அளவுக்குத்தான் விசை என்ற விடையை 1678இல் அவரே சொல்லிவிட்டார். எனக்குத் தாங்கள் அனுப்பிய பதில்களையும், என்றாவது விடை வரும் என்று, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஸ்பிரிங் செட்டை ஆசையில் வாங்கியேவிட்டேன். அட்டைப்பெட்டியோடு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்பிரேயருக்குப் போடுகிறதா, போர்வெல்லுக்கா என்று விவசாயிகள் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்கிறார்கள். அமுங்கவில்லை. தங்கள் மேட்டின் உயரம் எழுத்துப்பூர்வமாகக் கிடைத்த அன்று பெட்டியைப் பிரிப்பேன்.

இப்படிக்கு,
மடித்துக் கட்டிய வேட்டியோடு மேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும்,
விதைக்கடைக்காரன்.

இணைப்பு: ஆர்.சி. நகல், விதைப் பாக்கெட்டின் பின்புறக் கணக்கு, முன்பம்பரின் கீழ்த்துண்டு (அசல்).