செஞ்சியில் இன்னும் முடியாத முற்றுகை: விளக்கு துலக்கல் பற்றி ஓர் ஆய்வு

செஞ்சிக் கோட்டை கண்ட முற்றுகைகளை வரலாற்றாசிரியர்கள் கணக்கெடுத்து முடித்துவிட்டார்கள். 1677இல் சிவாஜி பிடித்தார். 1690இல் வந்து கூடாரம் அடித்த முகலாயத் தளபதி சூல்பிகர் கான் உள்ளே நுழைய 1698 ஆயிற்று. 1714இல் தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மடிந்தார். பிறகு 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். கோட்டையின் ராஜகிரி மலைக்குக் கீழே ஊருக்குள் வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம் நடக்கும் முற்றுகையை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. தாக்கப்படுவது பூஜை அறைக் குத்துவிளக்கு, எதிரி களிம்பு.

வியாழன் ஏன் என்று கேட்போர் மருமகளாக இருந்ததில்லை. வெள்ளியும் செவ்வாயும் விளக்கு துலக்கினால் லட்சுமி கிளம்பிவிடுவாள் என்பது மாமியார் மரபு. வெள்ளிக்கிழமை விளக்கு பளபளக்கவும் வேண்டும், அன்றைக்குத் தொடவும் கூடாது என்றால் வேறு வழி?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். காற்றும் ஈரமும் பட்டால் அதிலுள்ள செம்பு முதலில் கறுக்கும். கவனிக்காமல் விட்டால் பச்சை பூக்கும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொன்னார்கள். அங்கே மலம் நீங்க குருவருள் வேண்டும். இங்கே எலுமிச்சங்காய் அளவு புளி போதும். சித்தாந்த உரைகள் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு அலசவில்லை என்பது இக்கட்டுரையாளரின் தாழ்மையான கருத்து.

இத்துறையில் மூன்று கட்சிகள் உண்டு. விறகடுப்போடு சேர்ந்து சாம்பல் கட்சி ஏறக்குறைய அழிந்துவிட்டது. புளிக் கட்சியிடம் அறிவியல் இருக்கிறது: புளியின் டார்டாரிக் அமிலம் கறையைக் கரைக்கும், கல்லுப்பு அதற்குக் கை கொடுக்கும். அமிலம் என்பதால் ஊறவைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போகக் கூடாது. மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கழன்று, மஞ்சள் விளக்கு அங்கங்கே செம்பு நிறத்தில் சிவந்து நிற்கும். மூன்றாவது பொடிக் கட்சி. இதன் தலைவர் பீதாம்பரி, மராட்டிய மண்ணின் தானே நகரத்திலிருந்து வந்தவர். சிவாஜிக்குப் பிறகு செஞ்சியில் மராட்டியர் பெற்ற இரண்டாவது வெற்றி என்று இதைப் பதிவுசெய்வதில் எனக்குத் தயக்கமில்லை. 2025இல் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளாக அறிவித்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது செஞ்சி ஒன்றுதான். பொடியைக் குழுவினர் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

“பொடியப் போட்டா ஒரு நிமிசத்துல ஆயிடும் அத்த.”

“ஆவும். அப்புறம் அடுத்த வாரமே கறுக்கும். புளியக் கரைம்மா.”

ஆய்வுலகில் இவ்விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் புளியும் பலிக்காது, பொடியும் பலிக்காது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை. முதலில் வெந்நீரில் சீயக்காய் போட்டுக் கழுவ வேண்டும். தண்டின் வளையங்களுக்கு நடுவே திரிக்கரியும் எண்ணெயும் இறுகிக் கறுப்புக் கோடாக நிற்கும். விரல் போகாது, ஈர்க்குச்சியில் துணி சுற்றியோ, தேய்ந்த பல் பிரஷ்ஷாலோதான் போக முடியும். உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்து மடிப்பு அதைவிட மோசம். அங்கே சிக்கிய புளி நார் காய்ந்தால் மறுவாரம் பச்சையாக எழுந்து வரும். கழுவியதும் துணியால் ஈரம் ஒற்றியே ஆகவேண்டும். தானாகக் காயவிட்டால் போர்த் தண்ணீர் திட்டுத்திட்டாக வெள்ளை பூத்துவிடும்.

பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோயிலின் கருங்கல் தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். இன்று அவை கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. விளக்கைக் கொண்டு போனதாகச் செய்தியில்லை. உப்புக் காற்றில் பித்தளை என்ன பாடுபடும் என்று யோசித்திருப்பார்கள். கருங்கல்லுக்குப் புளி வேண்டாமே.

கடையில் புதிதாக வாங்கும் விளக்குக்கு லாக்கர் பூசியிருந்தால் இத்தனையும் செல்லாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். புளி போட்டுத் தேய்த்தால் பூச்சு அரைகுறையாக உரிந்து விளக்குக்குத் தேமல் வந்துவிடும்.

ஆண்களின் பங்கு குறித்து ஒரு குறிப்பு. அடி, தண்டு, தட்டு, அன்னம் எல்லாம் மறையிட்டுப் பூட்டியவை. அடிக்கடி கழற்றாவிட்டால் மறை இறுகிக்கொள்ளும். அதைத் திருகிக் கழற்ற மட்டும் வீட்டு ஆண்மகன் அழைக்கப்படுவார். கழற்றிக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். விளக்கைத் தானே துலக்கியதாக அங்கே ஒரு பேச்சு அடிபடும்.